கரடி ஓட்டும் பஸ்

“படிக்க அனுப்பினா பஸ் ஓட்டிட்டு வர்றான்!”

தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டியும் அம்மா உட்காரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். மறுபடி ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து நிற்க எனக்கென்ன தலையெழுத்து? அம்மாவுக்குத் துணை வேண்டுமாம்.

“யாரும்மா பஸ் ஓட்டறது?”

“என் பையன் மேடம், மூணாங்கிளாஸ். கணக்குப் புஸ்தகம் இன்னும் மொடமொடன்னு புதுசாவே இருக்கு. என்னடா படிச்சேன்னு கேட்டா, கரடி பஸ் ஓட்டுச்சு, மலை ஏறுச்சுங்கறான். நேத்து ஏழும் எட்டும் எவ்வளவுடான்னேன். ‘எந்த ஸ்டாப்லம்மா?’ங்கறான்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்தாள்.

“நல்லா படிச்சிட்டிருந்த பிள்ளை மேடம். இந்த மிஸ் வந்துதான் கெடுத்துட்டாங்க.”

எங்கள் வாண்டு நல்லா படித்தான் என்பது கொஞ்சம் ஓவர். ஆனால் சண்டை போட வந்த இடத்தில் பெற்ற தாயைத் திருத்த முடியுமா?

தலைமையாசிரியை எழுந்தார். “நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். வாங்க, நேர்லயே பார்த்துடலாம்.”

ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தோம்.

பெஞ்சுகள் இரண்டு வரிசை, நடுவில் வழி. அசல் பஸ்தான். முன்னால் ஸ்டூலில் மிஸ் உட்கார்ந்து, ஒரு டிபன் டப்பா மூடியை இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டிருந்தார். அவர்தான் கரடி போல.

“மலை ஏறி ஏறி இன்ஜின் சூடாயிடுச்சு. மூடியைத் திறந்து தண்ணி ஊத்திடவா?”

“வேணாம் கரடி! ஆவி மூஞ்சில அடிக்கும்!”

“அப்ப ஆறட்டும். ‘வண்டி நிற்கும், பொறுமை’ன்னு யாராவது ஒரு போர்டு எழுதி வைங்க.”

ஒரு பெண் கரும்பலகைக்கு ஓடினாள்.

“முப்பது பேரை ஏத்திக்கிட்டு இந்த மேடு ஏறாது. பன்னிரண்டு பேர் இறங்கி நடங்க. பஸ்ல மிச்சம் எத்தனை பேர், கண்டக்டர்?”

கண்டக்டர் யாரென்று பார்த்தால், எங்கள் வாண்டு! விரலை மடக்குகிறான், நிமிர்த்துகிறான், கூரையைப் பார்க்கிறான். மறுபடி மடக்குகிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டுடா, பதினெட்டு! நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு வாலுகூட விடையைக் கத்தவில்லை. அதெப்படி? மிஸ் பாட்டுக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இன்ஜின் இன்னும் ஆறலை. கரடிக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“பதி...னெட்டு!”

“அடிடா விசிலை!”

மொத்த பஸ்ஸும் விசிலடித்துக்கொண்டு மேடு ஏறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? சத்தியமாக எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“கூத்தைப் பார்த்தீங்களா மேடம்?” என்றாள் அம்மா.

தலைமையாசிரியை மிஸ்ஸை வராந்தாவுக்கு அழைத்தார்.

“டீச்சர், கணக்கு பீரியட்ல கணக்குதான் நடக்கணும். கதை இன்னையோட சரி. இல்லேன்னா இந்தக் கிளாஸை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்.”

“எல்லாப் பாடமும் கதைக்குள்ளயே நடக்குது மேடம். வேணும்னா பரீட்சை வெச்சுப் பாருங்க.”

“எது எப்ப நடக்குதுன்னு தெரிய வேண்டாமா? கணக்கு வராத பிள்ளைங்களைக் கணக்கு பீரியட்ல மூலை ரூமுக்கு அனுப்பணும், அதுதான் இங்க விதி. உங்க கிளாஸ்ல இருந்து ஒரு பிள்ளை வரணும், வர்றதே இல்லைன்னு அந்த ரூம் டீச்சர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க, ‘எனக்குக் கணக்கு பீரியடே கிடையாது’ன்னு சொல்லித் திருப்பி அனுப்பறீங்களாம்!”

மிஸ் தரையைப் பார்த்தார். “அந்த ரூமுக்குப் போற பிள்ளைங்க, அப்புறம் கிளாஸ்ல வாயே திறக்கறதில்ல மேடம்.”

அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

“ஓ! இதுக்குத்தான் இந்தக் கரடி வேஷமா? எவளோ பெத்த மக்குக்காக என் பிள்ளை படிப்பு பாழாகணுமா?”

“மெதுவா பேசுங்கம்மா. பிள்ளைங்க காதுல விழும்.”

“நல்லா விழட்டும்! அந்த மக்கை அனுப்பிட்டு, என் பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுங்க. இன்னைக்கே, இப்பவே!”

மிஸ் அம்மாவையே பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் தலைமையாசிரியை வராந்தாக் கோடியைப் பார்த்துக் கை தட்டினார்.

“டீச்சர்! மூணாங்கிளாஸ்ல கணக்கு ஆரம்பிச்சாச்சு. உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க!”

மூலை ரூம் டீச்சர் வேகமாக வந்தார். வகுப்புக்குள் தலையை நீட்டி, விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

விசில் சத்தம் நின்றது. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன், எங்கள் வாண்டு.