நாலாவது பதில்

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த நூற்பாலையில் ஜெகதீஸ்வரிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அங்கிருந்த மூன்று சர்வர்களும் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம்; ஒன்றுக்குப் புரிகிற கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. மூன்றிலும் ஓடுகிற மாதிரி ஒரே ஸ்கிரிப்ட் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது முறுக்கிக்கொண்டது. மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது.

அன்று மத்தியானம் ஒருவழியாக மூன்றும் ‘முடிந்தது’ என்றன. நாலாவதாக ஒரு பதில் வந்தது: ‘கடைசி வரி புரியவில்லை.’ அனுப்பியது, முன்பே கழற்றி எடுத்துவிட்ட பழைய நாலாவது சர்வர்.

எலக்ட்ரீசியன் மருதுபாண்டியிடம் போய்க் கேட்டாள். “அண்ணே, பழைய மெஷினத் திரும்பக் கொண்டாந்துட்டாகளா?”

“அத ஆடியிலயே காயலாங்கடைக்கு ஏத்திவிட்டாச்சே தாயி. வயரெல்லாம் நாந்தான் அவுத்தேன்.”

மறுபடி ஓடவிட்டாள். அதே பதில். பிழை காட்டினால் மேனேஜர் ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டுக்குப் போகிற நரிக்குடி பஸ்ஸும் போய்விடும். ஏன், எப்படி என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அந்த வரியைப் பழைய ஷெல்லுக்கும் புரிகிற மாதிரி மாற்றி எழுதினாள்.

நான்கும் ‘முடிந்தது’ என்றன.

பையை எடுத்துக்கொண்டு சர்வர் அறையைப் பூட்டப் போனாள். பழைய மெஷின் இருந்த மூலை காலியாகத்தான் கிடந்தது. அதன் முன்னால் மருதுபாண்டி உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்.

“மெஷினு ஓடுற மாதிரியே சூடா காத்து வருது தாயி,” என்றார்.

காலி மூலையில் கிடந்த பஞ்சுத்தூசி அவர் காலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.