பெயர் உபயம்

“அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், முப்பத்திரண்டையும் ஊசி போடாம பிடுங்குறேன்” என்றார் பல் டாக்டர், ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. “வாயை நல்லாத் திறங்க.”

நாற்காலியில் மல்லாந்திருந்த எழுத்தாளர் வாயைத் திறந்தார். அந்த ஆள் அவர்தான். டாக்டருக்கு அது தெரியாது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆறுதல்.

“என் பேரைத் திருடி வெச்சுக்கிட்டுக் கதை எழுதுறான் சார். இனிஷியலைக்கூட விடல. நீங்களே சொல்லுங்க, நியாயமா?”

எழுத்தாளர் “ஆ” என்றார். அதற்கு மேல் சொல்ல வழியில்லை. கேள்வி அவரிடம் கேட்கப்பட்டாலும், சத்தம் என்னவோ பக்கத்தில் தட்டை ஏந்தி நின்ற டாக்டரின் மனைவிக்குத்தான் போனது. அந்த அம்மாள்தான் அங்கே நர்ஸ், வரவேற்பு, கல்லா எல்லாம்.

நடந்தது இதுதான். வீட்டோடு தங்கி உட்கார்ந்து தின்னும் மைத்துனனுக்கு, ஒருவர் காபியில் விஷம் கலந்து கொடுப்பதாக எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். அப்படி ஒரு மைத்துனன் அவர் வீட்டிலேயே இருந்ததால் கற்பனைக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. “எங்க வீட்டு ஆளுங்களைப் பத்தி ஒரு வரி எழுதினீங்க, அன்னைக்கே நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மனைவி முன்பே சொல்லிவைத்திருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். ஆகவே ஒரு புனைபெயர் தேவைப்பட்டது.

“இதழ் அச்சுக்குப் போகுது, சீக்கிரம் ஒரு பேர் சொல்லுங்க” என்று ஆசிரியர் போனில் அவசரப்படுத்தியபோது அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். எதிர்மாடியில் தொங்கிய டாக்டரின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்து, இருந்ததை இருந்தபடி வாசித்துவிட்டார். படித்த மனிதர் செய்கிற காரியமா இது.

இன்று கன்னம் வீங்கித் துடித்தவரைக் கொண்டுவந்து அதே பலகைக்குக் கீழே இறக்கிவிட்டவன் அந்த மைத்துனனேதான். வேறு டாக்டரிடம் போகலாம் என்று எழுத்தாளர் கெஞ்சிப் பார்த்தார். “சின்னப் பிள்ளை மாதிரி பயப்படாதீங்க மாமா” என்று கையைப் பிடித்து மாடி ஏற்றிவிட்டான். காத்திருக்கும் அறை மேசையில் அந்தக் கதை வந்த இதழ் நாலு பிரதி கிடந்தது.

ஊசி இறங்கியது. பாதி முகம் மெல்ல மரத்தது.

“அதைப் படிச்சதுலேர்ந்து என் தம்பி காபியை மோந்து மோந்து பார்த்தான்” என்றார் டாக்டரின் மனைவி. “‘அதான் மாமா பேரே போட்டிருக்கே’ன்னு பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். பாவம், அவன் என்ன காலமெல்லாமா இருந்தான்? ஒரு ஏழெட்டு வருஷம் இருந்திருப்பான்.”

“நான் எழுதலைன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?”

“எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? நியாயம் கேக்க வந்த எங்க அக்கா வீட்டுக்காரர் அன்னையிலேர்ந்து நம்ம வீட்லயேதான் தங்கியிருக்கார். அவருக்குப் பதில் சொல்லுங்க.”

டாக்டர் இடுக்கியை எடுத்தார். “நாளைக்கே பத்திரிகை ஆபீஸுக்குப் போறேன். அட்ரஸை வாங்கி, அவன் வீட்டு வாசல்லயே நின்னு, நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.”

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மைத்துனனின் குரல் வந்தது. “மாமா, இதுல ஒரு கதை போட்டிருக்கான். அப்படியே நம்ம வீடு மாதிரியே இருக்கு.”

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஒரே இழுப்பு. பல் தட்டில் விழுந்தது. எழுத்தாளருக்கு அது போனதே தெரியவில்லை. நாளைக்கு வாசலில் நிற்கப்போகிற நாலு பேரில் மனைவி எந்த இடத்தில் நிற்பாள், மைத்துனன் எந்த இடத்தில் நிற்பான் என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் இல்லாத வீட்டை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது நினைத்தார், கண் கலங்கிவிட்டது.

டாக்டரின் மனைவி தட்டைக் கழுவ உள்ளே போனார். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. எழுத்தாளர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அ… அது நாந்தா” என்றார் பஞ்சு அடைத்த வாயால். “மன்னிச்சிருங்க. பேர மாத்திக்கிறே. வீட்டுக்கு மட்டும் வந்துராதீங்க.”

மரத்த வாய்களோடு நாளெல்லாம் பேசுகிறவருக்கு அது புரியாமல் போகுமா. டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய், மனைவி போன கதவைத் தாழிட்டார். வெளிக்கதவையும் தாழிட்டார். இடுக்கி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

கத்தினால் மைத்துனன் வந்து கதவைத் தட்டுவான், விஷயம் வெளிப்பட்டுவிடும்; கத்தாவிட்டால் மிச்சப் பல் போகும். எது தேவலை என்று எழுத்தாளரால் முடிவு செய்ய முடியவில்லை.

டாக்டர் அவர் காதோரம் குனிந்தார்.

“பேரை மாத்திடாதீங்க சார். அடுத்த கதையில ஒரு சகலை வரட்டும்.”