மேசைக்குக் கீழே

"கதைக்கிறவன்ர முகத்தைப் பார்க்க வேணும், இல்லாட்டி அவன்..." என்று அப்பா ஏதோ சொல்லுவார். மிச்சம் ஞானசம்பந்தத்துக்கு ஞாபகமில்லை. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மயூரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அரைவாசியே போதுமாக இருந்தது.

அவள் நிமிர்வதே இல்லை. மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, இரண்டு பெருவிரலாலும் தட்டிக்கொண்டே இருப்பாள்.

வெள்ளவத்தையில் குளியலறைச் சாமான் விற்கும் சின்னக் கம்பனி. தமிழ் பேசுகிற எட்டுப் பேர். டொரன்டோவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஞானசம்பந்தம், ஆறு மாதமாக அங்கே மனேஜர். மயூரி சேர்ந்து ஐந்து மாதம். அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய மேசை லாச்சியில் கையெழுத்துக்குக் கிடந்தது.

அன்று அவருக்குப் பொறுமை போய்விட்டது. கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

"மயூரி, அந்தப் போனை இஞ்ச தாரும்."

கொடுத்தாள்.

"ஆரோட அப்பிடிக் கதை?"

"ஒருத்தரோடயும் இல்லை, சேர்."

"பிறகென்ன, மேசையோடயா?"

யாரோ சிரித்தார்கள்.

"பதியுதீன் நானாவைப் பாரும். ஸ்டோர்ஸ் முழுக்க அவர் தலையில. ஒருநாளாவது போன் சேர்ட் பொக்கெட்டை விட்டு வெளியில வந்ததா? நான் சொல்லுற ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டுறார். அதுதான் மரியாதை. இப்பிடியே இருந்தால் உம்மட கடிதத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அதற்கு மட்டும் பதியுதீன் தலையாட்டவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதுதான் மயூரிக்குப் போன் திரும்பக் கிடைத்தது.

மறுநாள் முகத்துவாரத்துக்குப் போன லொறி, ஏற்றின சாமானோடேயே திரும்பி வந்தது. வீடு பூட்டு. வெள்ளிக்கிழமைதான் அனுப்ப வேண்டும் என்று ஞானசம்பந்தம் கூட்டத்தில் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

அவர் கூப்பிட முதலே பதியுதீன் வந்து கதவடியில் நின்றார்.

"பிழை என்ட பக்கம்தான், சேர்."

"நீங்கள் நல்லாக் கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்கள், நானா?"

"கேட்டேன் சேர். வெளங்கல்ல."

பதியுதீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"நீங்க மீட்டிங்ல பேசுற இங்கிலீசு எனக்கு ஒண்ணும் வெளங்குறல்ல. சொன்னா, இங்கிலீசு தெரிஞ்ச ஆளொண்டப் போட்டுருவீங்களோண்டு பயம். அந்தப் புள்ளதான் நீங்க சொல்லச் சொல்ல எல்லாத்தையும் தமிழ்ல எழுதி என்ட போனுக்கு அனுப்பும். ஸ்டோர்ஸுக்குப் போய் வாசிப்பேன். நேத்து பாதியோட நிண்டுபோச்சு."

"மயூரி ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?"

"நான்தான் ஒருத்தருக்கும் சொல்லாதேண்டு கேட்டேன். அவட வேல போகப் போகுதுண்டு தெரிஞ்ச பொறகு எனக்கு நித்திர வரல்ல, சேர். அதுதான் வந்தேன்."

ஞானசம்பந்தம் லாச்சியைத் திறந்தார். கடிதத்தில் கையெழுத்து வைத்து, மயூரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பதியுதீனிடமே நீட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"கொடுப்புப் பல்லுக் குத்துது. இங்கிலீஷ் கதைச்சால் கூடுது. இனிக் கூட்டமெல்லாம் தமிழிலதான்."