விருந்தாளிகளின் சிரிப்பு

இத்தனை வருட உழைப்பை இப்படி அள்ளிக் கொடுத்துவிட்டாரே என்று மொழிபெயர்ப்பாளர் ஸ்டெஃபானியாவுக்கு மனசு ஆறவில்லை. ஜெர்மன் ராணுவத்தின் ரகசியக் குறியீட்டைப் படிக்கும் வழியை நட்பு நாட்டு அதிகாரிகளிடம் அன்றுதான் ஒப்படைத்திருந்தார் மேஜர் சவிட்ஸ்கி. போலந்துத் தலைநகர் வார்சாவில் போர்ப் பேச்சாகவே இருந்த கோடைக்காலம் அது.

"பதிலுக்கு ஒண்ணுமே கேக்கலையே, மேஜர்!"

"நண்பர்கள்கிட்ட பேரம் பேசுவாங்களாம்மா? என் பசங்க ரெண்டு பேரும் எல்லையில நிக்கிறானுங்க. இவங்க படை வந்து சேர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும்."

வோட்காக் கோப்பையோடு விருந்தாளிகளான அந்த அதிகாரிகள் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். புரியாமலே மேஜரும் சிரித்தார்.

"என்னம்மா ஜோக்கு? சொல்லு, நானும் ரசிக்கிறேன்."

'நாம படை அனுப்பப்போறதில்லைன்னு தெரிஞ்சிருந்தா, இந்த ஆள் இதைக் குடுத்திருப்பானா?' என்பதுதான் அந்த ஜோக்கு.

"மன்னிச்சுக்குங்க, மேஜர்," என்றாள் மெல்ல. "இதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்."