விடாமல் வந்த கார்

"என்னங்க, ஒரு கார் என்னை விடாம ஃபாலோ பண்ணுதுங்க."

மழைச் சத்தத்தையும் மீறி ரோஸ்லினின் குரல் நடுங்குவது போனில் துரைராஜுக்குத் தெரிந்தது.

"எங்க வந்துட்டு இருக்க?"

"செகந்திராபாத் தாண்டிட்டேன். மெட்டுகூடாவில இருந்தே பின்னால வாரான். ஹெட்லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுதான். ஹார்ன் வேற."

நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் ரோஸ்லினுக்கு வேலை. வீடு லோத்குண்டாவில். தினமும் போய்வர அவளே ஆசைப்பட்டு வாங்கியது அந்தச் சிவப்புக் கார். தரையோடு படிந்த உடம்பு, உறுமும் இன்ஜின். சிக்னலில் நின்றால் யாராவது பக்கத்தில் வந்து உறுமிக் காட்டுவார்கள். அவள் திரும்பியே பார்க்க மாட்டாள்.

இன்று அப்படி இருக்க முடியவில்லை. மழையில் சாயங்காலமே இருட்டிவிட்டது. ரோட்டோரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

"ஒதுங்கி வழி விட்டுப் பாரு. முந்திட்டுப் போகட்டும்."

"விட்டுட்டேங்க. அவனும் வேகத்தைக் குறைக்கான். முந்தவே மாட்டேங்கான்!"

"அப்போ நிறுத்தாத. கொஞ்சம் வேகமா வந்துரு. டயர் நல்லா இருக்கு, வழுக்காது."

போன மழைக்காலத்தில் இதே கார் ஒரு வளைவில் வழுக்கி, தடுப்புச் சுவரை உரசியது. காரோடு வந்த டயர்கள் காய்ந்த ரோட்டில் புலி. பாதி தேய்ந்ததும், தண்ணீரைக் கண்டால் சறுக்க ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இந்த வருஷம் நாலையும் கழற்றிவிட்டு ஆல் சீசன் டயர் போட்டார்கள். வளைவில் பழைய பிடிப்பு இல்லை, சத்தமும் கொஞ்சம் கூட என்று ரோஸ்லின் முணுமுணுத்தாள். ஒரு மழை பெய்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஈர ரோட்டில் பிரேக்கை மிதித்தால் ஆடாமல் நின்றது கார்.

இப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. கண்ணாடியில் அந்த வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

திருமலகிரி சிக்னலில் சிவப்பு. நின்றாள். வெளிச்சம் மறுபடி வளர்ந்து, கண்ணாடி முழுக்க நிறைந்தது.

வெள்ளைக் கார். அதிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். தொப்பலாக நனைந்தபடி, கையை ஆட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். ஜன்னலைத் தட்டினான். வாய் அகலத் திறந்து மூடியது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏசப்பா..."

பச்சை விழுந்ததுதான் தாமதம், கிளப்பிவிட்டாள்.

"இறங்கி வந்துட்டான்ங்க! கண்ணாடியைத் தட்டுதான்!"

"நீ எங்கயும் நிக்காத. நேரா கேட்டுக்கு வா. நானும் வாட்ச்மேனும் கீழ நிக்கோம்."

அதற்கப்புறம் ராணுவ முகாமின் மதில் நீண்டுகொண்டே போனது. தெருவிளக்கு எரியவில்லை. இங்கே மறித்துவிட்டால் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

திடீரென்று முன்னால் போன ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தது.

பிரேக்கை அழுத்தி மிதித்தாள். நாலு டயரும் ரோட்டைக் கவ்வின. பின்னால் எங்கோ இடி விழுந்தது போல ஒரு சத்தம். ஸ்கூட்டர்க்காரர் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தார். மறுபடி கிளப்பினாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பாள். மறுபடி அதே வெளிச்சம்.

அபார்ட்மென்ட் கேட்டுக்குள் காரை நுழைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். வெள்ளைக் காரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

துரைராஜ் பாய்ந்து போய்க் கதவைத் திறந்து, அந்த ஆளின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"யாருல நீ? தனியா வர்ற பொம்பளையைத் துரத்திட்டா வார?"

"நக்கோ சார், நக்கோ! அடிக்காதீங்க!"

அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நனைந்த சட்டைக்குள் உடம்பு வெடவெடத்தது. துரைராஜின் பேச்சை வைத்துத் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"அம்மா காருக்குப் பின்னாடி லைட் இல்ல சார். பிரேக் லைட்டும் இல்ல. சொல்லத்தான் வந்தேன். பயந்து போயிட்டாங்க."

ரோஸ்லின் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் விளக்குகள் எரிந்தன. காரின் பின்பக்கம் மட்டும் கும்மிருட்டு.

துரைராஜ் சட்டையை விட்டான்.

"மன்னிச்சிருங்க, ஐயா."

"இருக்கட்டும் சார். என் பொண்ணா இருந்தாலும் பயப்படுவா." மழையைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லினைப் பார்த்தார். "அம்மா, உங்க டயர் நல்ல டயர். தண்ணியிலயும் டக்குனு நிக்குது. பின்னாடி வர்ற வண்டிங்க அப்படி நிக்காது. இருட்டுல உங்களத் தெரியவும் தெரியாது. அதான் நானே பின்னாடி வந்தேன்."

"உங்க வீடு எங்க ஐயா?"

"போவன்பள்ளி."

அது வேறு ரோடு. ரோஸ்லின் வாசலைக் காட்டினாள்.

"உள்ள வாங்க, ஒரு வாய் டீயாவது..."

"லேட் ஆச்சும்மா. நாளைக்கே லைட்டைப் பாருங்க."

ஏறி உட்கார்ந்து, குறுகலான தெருவில் காரைத் திருப்பினார். அப்போதுதான் அதன் பின்பக்கம் அவர்களுக்குத் தெரிந்தது. டிக்கி அப்பளமாக நொறுங்கியிருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் மழை நேராகப் பின் சீட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா! இது எப்படி ஆச்சு?" ரோஸ்லின் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூட்டருக்கு நீங்க நின்னப்போ, பின்னாடி வந்த லாரியால நிக்க முடியலம்மா. உங்க மேல வந்துடக் கூடாதுன்னு, நான் பிரேக்ல இருந்து காலை எடுக்கவே இல்ல."