கீறல் விழக்கூடாது

"இந்தா பாரு தங்கப்பாண்டி, பழைய ஆயில் சீல மட்டும்தான் எடுக்கணும். சுத்தி இருக்கிறதுல ஒரு கீறல் விழக்கூடாது."

பட்டறை வாசலில் பைக்கை ஸ்டாண்டு போட்டதிலிருந்து குருநாதன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேணிக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இப்போது அவருக்குத் தெரியாத தொழிலே கிடையாது.

"உள்ள எதையாவது விட்டு நெம்பிராத. ஷாஃப்டுல கோடு விழுந்துச்சுன்னா புது சீல் போட்டாலும் ஆயில் ஒழுகும். தெரியும்ல?"

"தெரியும்ணே."

"எங்க மாமனாரு வண்டி. ஞாயித்துக்கிழமை கமுதியில இருந்து வாராரு. வந்ததும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு, வண்டியத்தான் பாப்பாரு."

"எங்க அய்யா அப்பிடித்தான்" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நாகலெட்சுமி. மடியில் பையை வைத்துக்கொண்டு தங்கப்பாண்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டிக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் பட்டறை திறந்து இப்போதுதான் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். நாகலெட்சுமி வாய் திறந்து 'நல்லாப் பாக்குது அந்தத் தம்பி' என்றால் தெரு வண்டி பூராவும் இங்கே வரும். 'கெடுத்துருச்சு' என்றால் பட்டறையை இழுத்துச் சாத்திவிட்டு, பழையபடி மதுரையில் போய் அடுத்தவனிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

செயின் சக்கரத்தைக் கழற்றினான். ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருந்த சீல், காய்ந்து அப்பளமாகியிருந்தது. அதில் எதிரெதிராக ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு ஸ்க்ரூவை இறக்கினான். பிளேயரால் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஷாஃப்டில் உரசாமல் சீல் நேராக வெளியே வந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. நகத்தளவு எவர்சில்வர் துண்டு, பளபளவென்று.

சீல் இருந்த குழியைத் துடைத்துப் பார்த்தான். ஷாஃப்டு தப்பித்துவிட்டது. ஆனால் குழியின் ஓரத்தில் யாரோ எதையோ விட்டு நெம்பு நெம்பென்று நெம்பியிருக்கிறார்கள்.

தங்கப்பாண்டி நிமிர்ந்தான். குருநாதன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் கண்ணாலேயே கும்பிட்டார். தங்கப்பாண்டி துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன தம்பி இது, கோடு கோடா கெடக்கு?" நாகலெட்சுமி எழுந்து வந்துவிட்டாள்.

குருநாதனுக்கு அந்த நேரம் பார்த்து போனில் முக்கியமான வேலை வந்துவிட்டது.

கட்டிய பெண்டாட்டி முன்னால் ஒரு மனுசனைக் கவிழ்ப்பதா? தங்கப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"என் தப்புதான் மதினி. நெம்பும்போது கை வழுக்கிருச்சு."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

"தெரியாத வேலையில எதுக்குக் கைய விடணும்? ஊருல வேற ஆளா இல்ல? வீடியோவப் பாத்தா எல்லாம் வந்துருமா? நாலு பேர்கிட்டக் கேட்டுச் செஞ்சா தலையில இருக்க கிரீடம் எறங்கிருமா?"

நான் எந்த வீடியோவைப் பார்த்தேன் என்று தங்கப்பாண்டிக்கு விளங்கவில்லை.

"செய்யிறதையும் செஞ்சுட்டு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி நிக்கிறதப் பாரு!"

நான்தான் ஒப்புக்கொண்டேனே என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினான். போச்சு, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

குருநாதன் பெருந்தன்மையாகக் குறுக்கே வந்தார். "விடு லெட்சுமி. மனுசன்னா கை வழுக்கத்தான் செய்யும்."

தங்கப்பாண்டி பிளேயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இல்லாவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று அவனுக்கே தெரியாது.

குழியின் ஓரத்தை உப்புத்தாள் வைத்து நைசாகத் தேய்த்தான். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தான். ஆயில் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். சொட்டுக்கூடக் கசியவில்லை. குருநாதன் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

முக்குத் திரும்பும் இடத்தில் வண்டி நின்றது. நாகலெட்சுமி மட்டும் இறங்கித் திரும்பி நடந்து வந்தாள். இன்னும் பாக்கி இருக்கிறது போல என்று தங்கப்பாண்டி எழுந்து நின்றான்.

"பைய மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று பெஞ்சிலிருந்த பையை எடுத்தாள். "அந்தத் துண்டக் குடுங்க தம்பி."

"எந்தத் துண்டு மதினி?"

"சட்டைப் பையில இருக்குல்ல, அது. என் தோசைக்கரண்டி முனை. வெள்ளிக்கிழமையில இருந்து மொட்டைக் கரண்டிய வச்சுத் தோசையப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். கேட்டா, பூனை தட்டிவிட்டு ஒடஞ்சுபோச்சுன்னாக."

தங்கப்பாண்டி துண்டை எடுத்து நீட்டினான்.

"நீங்க எங்கன நெம்புனீக? நான்தான் உங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தேனே."

"அப்ப என்னைய எதுக்கு மதினி அந்தப் பேச்சுப் பேசுனீக?"

"உங்களையவா பேசுனேன்? கட்டுன புருசன நடுத்தெருவுல வச்சு நேராப் பேச முடியுமா? நீங்களா வந்து தலையக் குடுத்தீக. போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துருச்சு. அவுக காது செவந்திருந்ததப் பாத்தீகளா?"

தங்கப்பாண்டிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க தெரு வண்டியெல்லாம் இனிமே இங்கனதான் வரும் தம்பி. இது எனக்குத் தெரியும்னு மட்டும் அவுகளுக்குத் தெரிய வேணாம். அவுகதானே சொன்னாக, சுத்தி இருக்கிறதுல கீறல் விழக்கூடாதுன்னு."

முனையை முந்தானையில் முடிந்துகொண்டு ரெண்டடி நடந்தவள், நின்று திரும்பினாள்.

"பக்கத்துல பால் எங்கன கெடைக்கும் தம்பி? வெள்ளிக்கிழமையில இருந்து அந்தப் பூனையப் பட்டினி போட்டுட்டேன்."