முனிராஜின் வாக்குமூலம்

வைக்கோல் போருக்குள் இருந்த நாட்டுத் துப்பாக்கியை வனவர் வெளியே இழுத்தபோது, ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த முனிராஜ் யூனிபார்மைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"என்னுதுதான் சார்" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. "ராகிக் கொல்லையில பன்னி பூந்துச்சு. நான்தான் சுட்டேன்."

"கேஸ் ஆனா ஜெயில், தெரியுமில்ல?"

"தெரியும் சார். வீட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. என்னைய மட்டும் கூட்டிட்டுப் போங்க."

அவன் மனைவி கெம்பம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வனவர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். "எப்படிச் சுட்ட? ஒண்ணு விடாம சொல்லு."

முனிராஜ் திருதிருவென விழித்தான். "குழாய்க்குள்ள முதல்ல குண்டைப் போட்டேன் சார். அதுக்கு மேல வெடிமருந்தைக் கொட்டி, கம்பியில நல்லா இடிச்சேன். அப்புறம்..."

வாளி ணங்கென்று கீழே விழுந்தது.

"குண்டை முதல்ல போட்டா எப்பிடிய்யா வெடிக்கும்?" என்று கத்தினாள் கெம்பம்மா. "மருந்துதான் முதல்ல. அதும்மேல தேங்கா நாரை வச்சு அமுக்கணும். குண்டு கடைசில. துப்பாக்கியத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல, நீ எதுக்குய்யா வாய விடற?"

முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

வனவர் எழுதியதை அடித்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"உங்க பேரு என்னம்மா?"